குறைந்த செலவில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப் பழக முடியுமா?

சிறு துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் இந்தப் போர்வையைத் தாராளமாகப் பழக முடியும். முதல் போர்வைக்கு விலை உயர்ந்த துணி தேவையே இல்லை. பழைய பருத்திப் புடவை, சட்டை, தையல் கடையில் மிஞ்சும் கட்பீஸ் போதும். ஆனால் எல்லாம் பருத்தியாகவே இருக்கட்டும். பாலியஸ்டர் கலந்தால் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. சலவைக்குப் பிறகு போர்வை கோணிக்கொள்ளும். பழைய துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை விட்டிருந்தால் அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுங்கள்.

வெட்டும் முன் துவைத்தே ஆக வேண்டும். புதுப் பருத்தி முதல் சலவையில் சுருங்கும். சிவப்பு, கருநீலம் போன்றவற்றை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அது வேண்டாம்.

அட்டையில் 5 அங்குலச் சதுரம் வெட்டி, அதையே அளவாக வையுங்கள். ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் விட்டுத் தைத்தால் ஒவ்வொரு சதுரமும் நாலரை அங்குலமாகும். வரிசைக்கு 8 வீதம் 10 வரிசை தைத்தால் 36க்கு 45 அங்குலம், குழந்தைக்குப் போதும். இந்தக் கால் அங்குலம் மாறாமல் இருப்பதில்தான் வேலையின் அழகே இருக்கிறது. சதுரங்கள் கொஞ்சம் பிசகினாலும் வரிசைகள் பொருந்தாது. ஒவ்வொரு தையலையும் இஸ்திரி போடுங்கள். ஒரு வரிசையின் மடிப்பை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் சாய்த்தால் மூலைகள் கச்சிதமாகச் சேரும்.

அப்புறம், மேலே தைத்த சதுரங்கள், நடுவில் பழைய மெல்லிய பருத்திப் போர்வை, அடியில் பழைய வேட்டி என்று அடுக்குங்கள். மையத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊக்கு குத்திக்கொண்டு, மூன்று அடுக்கும் சேர ஓட்டுத்தையல் (ஊசியை மேலும் கீழுமாக ஓட்டும் நேர்த்தையல்) போடுங்கள். கையால் தைப்பதே எனக்குப் பிடிக்கும், மெஷினும் நல்லதே. ஓரத்தை மடித்துத் தைத்தால் வேலை முடிந்தது.