முகவரியைச் சொடுக்கினால் வேறு நிரல் திறக்கிறதா? லினக்ஸ் கேள்வி-பதில்

கேள்வி: உபுண்டு லினக்ஸின் 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு மாறினேன். இப்போது மின்னஞ்சல் முகவரியைச் சொடுக்கினால் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் நிரல் வருவதில்லை. நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பயனில்லை.

மறுபடி நிறுவுவது இந்தக் கோளாறுக்கு மருந்தே அல்ல. எந்த நிரலைத் திறக்க வேண்டும் என்ற குறிப்பு தண்டர்பேர்டுக்குள் இல்லை. உங்கள் ஹோம் கோப்புறையில், கான்ஃபிக் என்ற மறைவான கோப்புறைக்குள், மைம்ஆப்ஸ் லிஸ்ட் என்ற சிறு உரைக்கோப்பில் இருக்கிறது. நிரலை எத்தனை முறை நீக்கினாலும் அந்தக் கோப்பு அப்படியே கிடக்கும்.

நிரலை நிறுவத் தரும் பொதிகளில் டெப், ஸ்னாப், ஃபிளாட்பேக் என்று வகைகள் உண்டு. 24.04-இல் தண்டர்பேர்ட் ஸ்னாப் பொதியாக வருகிறது. முன்பு டெப் பொதியாக வந்தது. பொதி மாறும்போது நிரலைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் ‘டெஸ்க்டாப்’ கோப்பின் பெயரும் மாறுகிறது. டெபில் வெறும் ‘தண்டர்பேர்ட்’. ஸ்னாப்பில் அதே பெயர் அடிக்கோட்டுடன் இரண்டு முறை. ஃபிளாட்பேக்கில் முன்னால் ‘ஆர்க் மொசில்லா’ ஒட்டிக்கொள்ளும். குறிப்பில் பழைய பெயரே இருந்தால், அந்தப் பெயரில் யாருமில்லை என்று கணினி கிடைத்த வேறு நிரலை அழைத்துவிடும்.

செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ் என்று போய் ‘மெயில்’ என்ற இடத்தில் தண்டர்பேர்டைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே அதுவே காட்டப்பட்டாலும் வேறொன்றுக்கு மாற்றித் திரும்ப வையுங்கள். குறிப்பு புதிதாக எழுதப்படும். அதற்கும் மசியவில்லை என்றால் கோப்பு மேலாளரில் கண்ட்ரோலும் ஹெச்சும் அழுத்தி மறைவான கோப்புகளைக் காட்டச் செய்து, அந்த உரைக்கோப்பில் மின்னஞ்சல் முகவரி இணைப்பைக் குறிக்கும் ‘மெயில்டூ’ வரியைப் பாருங்கள். தப்பான பெயர் இருந்தால் அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: அங்கெல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் ஃபயர்ஃபாக்ஸில் சொடுக்கினால் மட்டும் ஜிமெயில் திறக்கிறது.

உலாவி தனி ராஜ்யம். ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: செட்டிங்ஸ், ஜெனரல், அப்ளிகேஷன்ஸ். அதில் மெயில்டூ எதிரே ஜிமெயில் இருக்கும், மாற்றிவிடுங்கள். குரோம் பயன்படுத்துபவர்கள் சைட் செட்டிங்ஸில் ‘புரோட்டோகால் ஹேண்ட்லர்ஸ்’ என்ற இடத்தில் ஜிமெயிலை நீக்க வேண்டும். ‘மின்னஞ்சல் இணைப்புகளை இத்தளம் திறக்கட்டுமா’ என்று எப்போதோ கேட்டதற்கு யோசிக்காமல் ‘ஆம்’ சொல்லியிருப்பீர்கள். பிடிஎஃப்-ஐ உலாவியிலேயே திறந்து, அதிலுள்ள முகவரியைச் சொடுக்குபவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: லிப்ரே ஆபிஸ் ரைட்டரிலிருந்து ஆவணத்தை மின்னஞ்சலில் அனுப்ப முயன்றால் ஒன்றுமே நடப்பதில்லை.

டூல்ஸ், ஆப்ஷன்ஸ், இன்டர்நெட், ஈமெயில் என்று போனால் நிரலின் இருப்பிடத்தைக் கேட்கும் ஒரு பெட்டி இருக்கும். விண்டோஸில் இந்தப் பக்கமே கிடையாது என்பதால் அங்கிருந்து வந்தவர்கள் இதைத் தேடுவதே இல்லை. தண்டர்பேர்டின் இயக்கக் கோப்பைக் காட்டுங்கள். லிப்ரே ஆபிஸே ஸ்னாப்பாகவோ ஃபிளாட்பேக்காகவோ இருந்தால், நிரலை மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்கும் அந்தப் பொதியின் பாதுகாப்பு அடைப்பு, வெளியிலுள்ள நிரலை அழைக்க இடம் தராமல் போகலாம். ஆவணத்தைச் சேமித்துக் கையால் இணைப்பதே அப்போது மிச்சம். அல்லது டெப் பதிப்புக்கு மாறுங்கள்.

கேள்வி: எவல்யூஷன் என்ற மின்னஞ்சல் நிரல் எனக்கு வேண்டாம். நீக்கிவிட்டால் தொல்லை தீருமா?

நீக்கலாம், ஆனால் ‘எவல்யூஷன் டேட்டா சர்வர்’ என்ற பொதியைத் தொடாதீர்கள். உபுண்டுவில் நீங்கள் காணும் திரைமுகமான நோம் மேசைத்தளத்தின் நாட்காட்டி அதை நம்பியிருக்கிறது. நீக்கும் முன் டெர்மினல் காட்டும் பொதிப் பட்டியலை முழுவதும் படியுங்கள். அதில் அந்த மேசைத்தளத்தின் மையப் பொதியான நோம் ஷெல் இருந்தால் உடனே ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள்.