சாட்ஸ்வொர்த்: பதினான்கு வாரக் கணக்கு

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகை பதினாறாம் நூற்றாண்டிலிருந்து ஒரே குடும்பத்தின் கையில் இருப்பதாகப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். இங்கே ஜமீன் அரண்மனைகள் இரண்டு தலைமுறையில் கல்யாண மண்டபமாகிவிட்டன. அவர்களால் மட்டும் எப்படி முடிந்தது? எல்லாம் இந்தியாவில் அடித்த பணம்தானே?

எம்., பொள்ளாச்சி

அன்புள்ள எம்.,

முதல் போட்டது இந்தியப் பணம் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியதே 1600இல். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1549இல், வில்லியம் கேவண்டிஷ் டார்பிஷயரில் இந்த இடத்தை 600 பவுண்டுக்கு வாங்கிவிட்டார். மன்னர் எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்தபோது சொத்துக்கணக்கு எடுத்த அதிகாரிகளில் அவரும் ஒருவர். கணக்கெடுத்தவர் கை சும்மா இருக்குமா? வாங்க வைத்தது அவர் மனைவி பெஸ். அது அவருக்குப் பிறந்த மண். நான்கு முறை மணந்து, ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே போன கெட்டிக்காரி. பிறகு ஒரு கல்யாணத்தில் அயர்லாந்து நிலங்கள் வந்தன, எக்டன் சுரங்கத்தில் செம்பு வந்தது.

சரி, எப்படிக் காப்பாற்றினார்கள்? கிட்டத்தட்டக் காப்பாற்றவில்லை. கேவண்டிஷ் வம்சத்தார் பின்னாளில் டெவன்ஷயர் டியூக் என்ற பிரபுப் பட்டம் பெற்றவர்கள். அவர்களில் பத்தாவது டியூக் 1946இல் சொத்தைக் குடும்ப அறக்கட்டளைக்கு மாற்றி எழுதினார். கொடுத்தவர் அதற்குப்பின் ஐந்து ஆண்டு உயிரோடிருந்தால் மரண வரி இல்லை. 1950 நவம்பரில் ஈஸ்ட்போர்ன் வீட்டில் விறகு பிளந்துகொண்டிருந்தவர் மாரடைப்பில் சரிந்தார். வயது 55. கெடுவுக்குப் பதினான்கு வாரம்தான் பாக்கி. வரி 80 சதவீதம்! பட்டத்துக்கு உரிய மூத்த மகன் 1944இலேயே போரில் இறந்திருந்தார். எல்லாம் இரண்டாவது மகன் ஆண்ட்ரூ தலையில் விழுந்தது. நிலங்கள் போயின, ரெம்பிராண்ட், ஹோல்பைன் ஓவியங்கள் போயின. பெஸ் தன் கடைசிக் காலத்தில் ஆசையாகக் கட்டிய ஹார்ட்விக் மாளிகையும் வரிக்கு ஈடாக அரசுக்குப் போனது. கணக்கு தீர 17 ஆண்டு பிடித்தது.

அதனால் ‘ஒரே குடும்பத்தின் கையில்’ என்று நான் எழுதியதும் தளர்வான வாக்கியம்தான். 1981 முதல் மாளிகை ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. டியூக் குடும்பம் அதற்கு வாடகை கொடுத்துத்தான் அங்கே குடியிருக்கிறது. ஜமீன்தார் தன் அரண்மனைக்கே குடக்கூலி கட்டுவதை நினைத்துப் பாருங்கள்!

உங்கள் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆறாவது டியூக்கின் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன், மொரீஷியஸ் வழியாக வந்த ஒரு வாழைக்கன்றைக் கண்ணாடிக் கூடத்தின் சூட்டில் வளர்த்து 1830களில் குலை தள்ள வைத்தார். அதற்குக் குடும்பப் பெயரையே வைத்தார்கள். கடையில் மோரிஸ் என்று கேட்டு வாங்குகிறோமே, தோப்புக்காரர்கள் ஜி9 என்கிறார்களே, எல்லாம் கேவண்டிஷ் வகைதான். பாக்ஸ்டன் பிறகு கட்டிய பெரிய கண்ணாடிக்கூடம் முதல் உலகப் போரில் நிலக்கரி கிடைக்காமல் குளிர்ந்து, செடிகள் செத்து, 1920இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.