வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் விஏஓவாக (கிராம நிர்வாக அலுவலர்) இருக்கிறேன். குரூப் 2ஏ எழுதியதில் சென்னையில் உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. இதை விட்டுவிட்டு அதற்குப் போகலாமா? 'எல்லாரும் போய்விட்டால் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா?' என்கிறார் ஆத்தா.
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: செட்டிநாட்டில் எந்த ஆம்பிளை ஐயா வீட்டைப் பார்த்துக்கொண்டார்? கட்டியவரே ரங்கூனிலும் பினாங்கிலும் வட்டிக்கடைப் பேரேடு எழுதிக்கொண்டிருந்தார். சில வருஷத்துக்கு ஒருமுறை வருவார், பர்மாத் தேக்குத் தூணைத் தடவிப் பார்ப்பார், மறுபடி கப்பலேறுவார். வீட்டைப் பார்த்துக்கொண்டவர்கள் ஆச்சிகள். அவர்களை யாரும் 'ஆள்' கணக்கில் சேர்த்ததில்லை. உங்கள் ஆத்தாவே தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை, பாருங்கள்.

அதுவும் பங்காளிகள் எல்லாருக்கும் பொதுவான பங்கு வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இருபது புள்ளி, அதாவது இருபது குடும்பம், இருபது அறை, இருபது பூட்டு. வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய கட்டில், ஒரு ஓடு உடைகிறது. மாற்றலாமா என்று கேட்டால், மூத்த பங்காளி 'தம்பியைக் கேள்' என்பார். தம்பி கோயம்புத்தூரில். 'முன்னோர் படைப்புக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம்' என்பார். சிங்கப்பூர்க்காரர் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை உயர்த்துவார். அது சம்மதமா, வெறுமனே படித்துவிட்டேன் என்பதா என்று கேட்க இன்னொரு குழு தொடங்குவார்கள். அதற்குள் ஐப்பசி மழை வந்து பக்கத்து ஓடும் போய்விடும். இந்த வீட்டில் வளர்ந்த உங்களுக்குச் சென்னை அலுவலகத்தில் கோப்பு நகர்வது புல்லட் ரயிலாகத் தெரியும்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் பங்காளிகள் சட்டென்று ஒத்துப்போகிறார்கள்: இடித்து விற்பதில். நிலைக்கதவு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிடும். இதை நான் எழுதும்போதெல்லாம் கோட்டையூர் வாசகர் ஒருவர் 'வைத்துக்கொண்டு என்ன செய்ய?' என்று கடிதம் போடுவார். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவரில் ரோஸ் நிற எமல்ஷன் அடித்த மனிதர் அவர். அவருக்கெல்லாம் பதில் கிடையாது.

சரி, உங்கள் விஷயம். விஏஓ தன் பணிக் கிராமத்தில் குடியிருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் கிராமம் கானாடுகாத்தான் இல்லையென்றால், விதிப்படி நீங்கள் இப்போதே வீட்டைப் பார்த்துக்கொள்ளவில்லை.

சம்பளத்துக்காகப் போகாதீர்கள். உங்களுக்கு அடிப்படைச் சம்பளம் 19,500இல் தொடங்கியிருக்கும். உதவியாளருக்கு அதைவிடச் சில நூறோ ஆயிரமோதான் கூட. சென்னை வாடகை அதை முதல் தேதியே விழுங்கிவிடும். வேலைக்காகப் போகலாம். 1980இல் பரம்பரைக் கிராமக் கர்ணம் (கணக்கர்), கிராம முன்சீப் பதவிகளை ஒழித்த பிறகு வந்த பதவி உங்களுடையது. அடங்கல் என்ற பயிர்க் கணக்கு, பட்டா மாறுதல், ஜமாபந்தி என்ற வருஷாந்தரக் கணக்குத் தணிக்கை, நடுராத்திரியில் கண்மாய் உடைந்தால் தொலைபேசி என்று எல்லாம் ஒரே தலையில். மணல் கடத்தலைப் பற்றிப் புகார் செய்த விஏஓவை 2023இல் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். ஊரார் வாசலில் வந்து நிற்பது பிடித்திருந்தால் இருங்கள். 'பிடித்திருக்கிறது' என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, அதனால் போங்கள் என்கிறேன். பல்லவன் ரயில் இருக்கிறது, கப்பல் பிடிக்க வேண்டியதில்லை.

ஆனால் 'சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்கிறேன்' என்று அவசரத்தில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வெறும் ராஜினாமா என்றால் பழைய பணிக்காலம் கணக்கில் வராமல் போகும். தடையின்மைச் சான்று, புதிய நியமன ஆணை இரண்டையும் குறிப்பிட்டு, அந்த வேலையில் சேர்வதற்காக விடுவிக்கும்படி கேளுங்கள். விடுவிப்பு ஆணையைக் கையில் வாங்குங்கள். பணிப்பதிவேடு பின்னாலேயே வருகிறதா என்று துரத்துங்கள். பழைய சிபிஎஸ் (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) எண்ணையே புது அலுவலகத்தில் கொடுங்கள்.

உங்கள் பங்கு அறைச் சாவியை ஆத்தாவிடமே கொடுத்துவிட்டுப் போங்கள். கோட்டையூர்க்காரர் கேட்டால் மட்டும் தராதீர்கள். கையில் பெயின்ட் டப்பாவோடுதான் வருவார்.