கிறைஸ்ட்சர்ச்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: டிசம்பர் விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து நானும் கணவரும் ஐந்து வயது மகனும் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் போகிறோம். "பூங்கா நகரம், மலை, கடற்கரை" என்று ஒரு தொகுப்புச் சுற்றுலாவை விற்கிறார்கள். அதை வாங்கலாமா, நாங்களே பார்த்துக்கொள்ளலாமா? கார் எடுத்தால் காப்பீடு எவ்வளவு தேவை?

பதில்: நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகுப்பில் பூங்காவும் கடற்கரையும் விலைக்குள் சேர்ந்திருந்தால், இலவசமாகக் கிடைப்பதை உங்களுக்கு விற்கிறார்கள் என்று பொருள். 1863இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. டிசம்பரில் ரோஜாக்கள் பூத்திருக்கும், ஒரு பகல் முழுக்க அங்கேயே இருக்கலாம். சம்னர் கடற்கரைக்கு நகரப் பேருந்திலேயே போய் வரலாம். நியூ பிரைட்டனில் கடலுக்குள் நீளும் பாலத்தில் நடக்கவும் யாரும் காசு கேட்பதில்லை.

பணத்தை மலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து கிரேமவுத் வரை 223 கி.மீ. ஓடும் டிரான்ஸ்ஆல்பைன் ரயில் தென் ஆல்ப்ஸை ஊடறுத்துப் போகும். ஒரு வழிக்கு ஏறத்தாழ 5 மணி நேரம். சின்னப் பையனோடு ஒரே நாளில் போய்த் திரும்புவது களைப்பு. பாதி வழியில் ஆர்தர்ஸ் பாஸில் இறங்கி, அன்று மாலை திரும்பும் ரயிலைப் பிடிப்பது நல்லது. டிசம்பர் இருக்கைகள் சீக்கிரம் தீரும், இதை மட்டும் முன்பதிவு செய்துவிடுங்கள்.

கார் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நாள் வாடகை குறைவாகத் தெரியும். காப்பீடும் உண்டு என்பார்கள். ஆனால் சேதம் நேர்ந்தால் முதலில் உங்கள் கையிலிருந்து கட்டவேண்டிய 'எக்சஸ்' தொகை சில ஆயிரம் டாலர் வரை போகலாம். அதைக் குறைக்கத் தினக் கட்டணம் கேட்பார்கள். அங்கே சம்மதிப்பதற்கு முன், உங்கள் பயணக் காப்பீட்டில் வாடகைக் கார் எக்சஸ் அடங்குமா என்று பாருங்கள். அடங்கினால் இரண்டு முறை கட்டவேண்டாம். டயர், முன்கண்ணாடி, மண் சாலையில் ஓட்டியது ஆகியவை விலக்கப்பட்டுள்ளனவா என்பதையும் ஒப்பந்தத்தில் தேடுங்கள். சாவி வாங்கும்போதே காரைச் சுற்றிலும் வீடியோ எடுத்துவிடுங்கள். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம், அதன் வாடகையையும் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள்.

விபத்தில் காயம்பட்டால் வெளிநாட்டவரின் சிகிச்சைச் செலவிலும் ஏசிசி என்ற அரசுத் திட்டம் உதவும். காய்ச்சல், வயிற்றுக்கோளாறு போன்ற நோய்க்கு அது உதவாது. அதனால் பயணக் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள்.

நுழைவு அனுமதியிலும் கவனம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விசா வேண்டாம், என்இசட்இடிஏ (NZeTA) என்ற மின்னணுப் பயண அனுமதி போதும். அரசுச் செயலியில் 17 நியூசிலாந்து டாலர், அரசு இணையதளத்தில் 23, இதோடு 100 டாலர் பயணிகள் வரி. இதற்கு மேல் கேட்டால் அது இடைத்தரகர் தளம், மூடிவிடுங்கள். உங்களில் யாருக்காவது இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால், சிங்கப்பூர் நிரந்தரவாசியே ஆனாலும் வருகை விசா வேண்டும்.

பையனுக்காக எடுத்துப்போகும் பருப்புப்பொடி, முறுக்கு எதுவானாலும் வருகை அறிவிப்புப் படிவத்தில் சொல்லிவிடுங்கள். சொன்னால் அபராதம் இல்லை, அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் ஒரு ஆப்பிள் பையில் கிடந்தாலும் 400 டாலர் போய்விடும்.