இதயத் தசை தடித்திருக்கும் மகனைக் கால்பந்து ஆட விடலாமா?

உங்கள் 16 வயது மகனுக்குப் பரம்பரையாக வரும் இதயத் தசைத் தடிப்பு நோய், அதாவது ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி, இருப்பதாக எக்கோவில் (இதய ஸ்கேனில்) தெரிந்த பிறகு, அவன் இனிப் பந்தையே தொடக்கூடாதா என்றும், அவனுடைய தங்கைக்கும் பரிசோதனை தேவையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவராக இல்லாமல், அதே நோயுடன் வாழ்பவனாகப் பதில் சொல்கிறேன்.

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தைச் சேர்ந்தவன். அறுப்பு முடிந்த வயலில் நடந்த செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆட்டத்தின் நடுவே என் அண்ணன் 23 வயதில் சரிந்து விழுந்து இறந்துபோனார். அதற்கு முன்பே ஓடும்போது இரண்டு முறை மயங்கியிருந்தார். வெயிலும் வெறும் வயிறும்தான் காரணம் என்று நினைத்து நாங்கள் மோர் கொடுத்துப் படுக்கவைத்தோம். ஓடுகையில் வரும் மயக்கத்தை ஒருபோதும் அப்படிக் கடந்துவிடாதீர்கள்.

இந்நோய் உள்ளவர்கள் போட்டி விளையாட்டை அறவே விட வேண்டும் என்பதே முன்பு பொதுவான அறிவுரை. 2023இல் வெளியான, 1,660 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், கடுமையாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு அப்படிச் செய்யாத நோயாளிகளைவிட ஆபத்து கூடுதலாகக் காணப்படவில்லை. ஆனால் அவர்கள் அனுபவமிக்க மையங்களின் கண்காணிப்பில் இருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே மயக்கம், குடும்பத்தில் திடீர் மரணம், இதயச் சுவரின் தடிமன் (30 மி.மீ. என்பது பெரும் எச்சரிக்கை), ஹோல்டரில் (ஒரு நாள் முழுதும் உடலில் மாட்டியிருக்கும் ஈசிஜி கருவியில்) தெரியும் துடிப்புக் கோளாறு, எம்ஆர்ஐயில் தெரியும் தழும்பு ஆகியவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த பிறகே மருத்துவர் முடிவு சொல்ல முடியும். எனக்கு 17 மி.மீ.; துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தை எடுத்துக்கொண்டு, பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய வேகத்தில் சைக்கிள் ஓட்டுகிறேன். செவன்ஸ் ஆடுவதில்லை, அண்ணனின் மரணத்துக்குப் பிறகு அது என் சொந்த முடிவு.

நோயின் பெயரை அறிக்கையில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அரித்மோஜெனிக் கார்டியோமயோபதி (துடிப்புக் கோளாறை உண்டாக்கும் வேறொரு இதயத் தசை நோய்) என்று இருந்தால் கதையே வேறு. அதில் நீண்ட நேரக் கடும் ஓட்டமே நோயை வளர்க்கும். எங்களைப் போலப் பாலக்காட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் மாறி மாறிப் போகிறவர்கள் எல்லா எக்கோ அறிக்கைகளையும் ஒரே கோப்பில் வைத்திருக்க வேண்டும். பழைய அளவு கையில் இல்லாமல் தடிப்பு கூடியதா என்று ஒப்பிட முடியாது.

மகளுக்கும் பரிசோதனை கட்டாயம் வேண்டும். பெற்றோரில் ஒருவரிடம் இந்நோயை உண்டாக்கும் மரபணு மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு 50 சதவீதம். தடிப்பு வளரிளம் பருவத்தில் வெளிப்படக்கூடும் என்பதால், இன்றைய எக்கோ சரியாக இருந்தாலும் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும். மகனிடம் நோய்க்குக் காரணமான மரபணு மாற்றம் உறுதியாகக் கண்டறியப்பட்டு, அது மகளிடம் இல்லை என்று தெரிந்தால் மட்டுமே அந்தத் தொடர் பரிசோதனையை நிறுத்தலாம்.