மருந்துச் சீட்டில் ‘செஃபலால்ஜியா’: பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 34 வயது. நாலைந்து மாதமாக அடிக்கடி தலைவலி. டாக்டர் சீட்டில் ‘செஃபலால்ஜியா’ என்றும் பக்கத்தில் ‘ஆர்51’ என்றும் எழுதியிருக்கிறார். மூளையில் கட்டி ஏதாவது இருக்குமோ என்று தூக்கமே வரவில்லை. தினமும் ஒரு வலி மாத்திரை போட்டுச் சமாளிக்கிறேன்.

பதில்: செஃபலால்ஜியா என்றால் தலைவலி, அவ்வளவுதான். கிரேக்கத்தில் ‘கெஃபலே’ என்பது தலை, ‘அல்கோஸ்’ என்பது வலி. ஆர்51 என்பது நோய்களுக்கும் தொந்தரவுகளுக்கும் எண் கொடுக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் தலைவலிக்கு உள்ள எண். நீங்கள் சொன்ன தொந்தரவை அவர் மருத்துவ மொழியில் குறித்து வைத்திருக்கிறார். கட்டி இருக்கிறது என்று அதற்கு அர்த்தமே இல்லை.

ஆனால் எதனால் வலிக்கிறது என்பதும் அந்தச் சொல்லில் இல்லை. அதனால் அடுத்த முறை போகும்போது, “இது எந்த வகைத் தலைவலி?” என்று தயங்காமல் கேளுங்கள். ஒரு பக்கமாகத் துடித்து, குமட்டலோடு, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடித்தால் மைக்ரேனாக இருக்கலாம். தலையைச் சுற்றிப் பட்டை கட்டியதுபோல இரண்டு பக்கமும் இறுக்கினால் டென்ஷன் தலைவலி. மிகப் பெரும்பாலான தலைவலிகள் இந்த இரண்டில் அடங்கிவிடும்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்தச் சொல் அல்ல, தினசரி மாத்திரைதான். ஏற்கெனவே தலைவலி உள்ளவர்கள் பாராசிட்டமால், இபுப்ரொஃபென் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் அதிகமாகப் போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து சேர்ந்த கலவை மாத்திரை என்றால், மாதத்தில் 10 நாள் போட்டாலே இப்படி ஆகும். வலிக்கிறதே என்று போட, போட்டதால் மறுபடி வலிக்க, இதிலிருந்து வெளியே வருவது சிரமம். நிறுத்தினால் முதல் சில நாள் வலி கூடவும் செய்யும். அதனால் உங்கள் டாக்டரிடம் இதை மறைக்காமல் சொல்லி, அவர் துணையோடு நிறுத்துங்கள். வலி வந்த நாள், நேரம், போட்ட மாத்திரை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போனால், பல நேரம் ஸ்கேனைவிட அதுதான் அவருக்கு உதவும்.

இடையில் திடீரென, இதுவரை வராத அளவுக்குக் கடுமையாக வலித்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், வலிப்பு வந்தாலோ, தலையில் அடிபட்டபின் வலி கூடிக்கொண்டே போனாலோ, நோட்டும் வேண்டாம், அப்பாயின்ட்மென்ட்டும் வேண்டாம். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.