எட்ட நின்று எடுப்பவர்களுக்கு

கேள்வி: தெருவில் முன்பின் அறியாதவர்களைப் படமெடுக்கக் கூச்சமாக இருக்கிறது. கேமராவைத் தூக்கினாலே கை நடுங்குகிறது. அவர்களுக்குத் தெரியாமல் தூரத்திலிருந்தே எடுக்க 70-300 எம்எம் ஜூம் லென்ஸ் வாங்கலாமா? அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ்கூட கேமராவை ஒளித்து வைத்துத்தானே எடுத்தார்?
- திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: 'தெரியாமல்' என்கிறீர்களே, கை நடுங்குவதே அதனால்தான். ஒருவருக்குத் தெரியாமல் அவரிடமிருந்து எதை எடுத்தாலும் நடுங்கத்தான் செய்யும். உங்கள் கூச்சத்தை நான் மதிக்கிறேன். எதிரே நிற்பவருக்கும் மானம் மரியாதை உண்டு என்று அது உங்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதன் வாயை அடைக்கவா லென்ஸ் வாங்கப் போகிறீர்கள்?

எவன்ஸை இழுத்துவிட்டீர்கள், அவரைப் பற்றியும் பேசிவிடலாம். 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில், கோட்டுப் பித்தான்களுக்கு நடுவே லென்ஸை நீட்டி, எதிர் இருக்கைக்காரர்களை எடுத்தார். உண்மை. ஆனால் அந்தப் படங்கள் நூலாக வந்தது 1966-இல். கால் நூற்றாண்டு பொறுத்திருந்தார். நாமோ காலை ஏழு மணிக்கு எடுத்ததை எட்டு மணிக்கு இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிடுகிறோம். அவருக்கு முன்பே இன்னொரு அமெரிக்கப் புகைப்படக்காரர் பால் ஸ்ட்ராண்ட், கேமராவின் பக்கவாட்டில் ஒரு பொய் லென்ஸைப் பொருத்தி, வேறு எங்கோ எடுப்பதுபோல நின்று ஆட்களை எடுத்தார். கழுத்தில் 'பார்வையற்றவர்' என்ற பலகையோடு ஒரு பெண் நிற்கும் அவருடைய 1916-ஆம் வருடப் படம் உலகப் புகழ் பெற்றது. பெரிய படம்தான். ஆனாலும் அந்த அம்மாவுக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லையே என்று, பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

நம் இதழுக்கு வரும் படங்களைப் பாருங்கள். நடைபாதையில் தூங்கும் முதியவர், கறுப்பு வெள்ளையில். கீழே 'வாழ்க்கை' என்று தலைப்பு. இதற்குப் பரிசு கொடுக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லியே போட்டி நடுவர்கள் சிலரோடு எனக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோய்விட்டது. போகட்டும், இன்னும் சொல்வேன். தூங்குகிறவர் திரும்பிப் பார்த்து 'யாருப்பா நீ?' என்று கேட்க மாட்டார். அதனால்தான் அவரை எடுக்கிறார்கள். பணக்காரர்கள் வாழும் போட் கிளப் ரோட்டில் காரில் ஏறும் கனவானிடம் இந்த வீரம் ஏன் போவதில்லை?

சரி, உங்களுக்கு வருவோம். 35 எம்எம் லென்ஸ் ஒன்று போதும். ஓர் ஆளை உச்சி முதல் பாதம் வரை எடுக்க ஆறேழு அடியில் நிற்க வேண்டும். அது பேசும் தூரம். அங்கே போய் நின்றுவிட்டால் பேசாமல் இருக்க முடியாது. கை நடுக்கத்தில் பாதி, பட்டன்களைத் தேடித் தடவுவதால் வருவது. அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப் 8, ஃபோகஸ் எட்டு அடி என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். முழு ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் ஐந்தரை அடியிலிருந்து பதினைந்து அடி வரை எல்லாம் தெளிவாக விழும்.

ஞாயிறு விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள். கூடை சுமந்து வருகிறவருக்கு வழிவிட்டு நில்லுங்கள். முதலில் அரை கிலோ சங்கரா மீன் வாங்குங்கள். "அக்கா, நீங்க மீன் வெட்டுறத ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். "வேணாம்ப்பா" என்றால் சரிக்கா என்று நகர்ந்துவிடுங்கள், அடுத்த கடைக்காரர் ஒத்துக்கொள்ளலாம். ஒத்துக்கொண்டவர் முந்தானையைச் சரிசெய்து, விறைப்பாக உங்களைப் பார்ப்பார். அதை அவசியம் எடுங்கள். தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர் விரும்புகிறாரோ, அந்தப் படம் அது. அப்புறம் அடுத்த வாடிக்கையாளர் வந்ததும் உங்களை மறந்துவிடுவார். கத்தி செவுளுக்கடியில் நுழையும், முன்கையில் செதில்கள் ஒட்டியிருக்கும், சில்லறைக்காக வாய் யாரையோ கூப்பிடும். நீங்கள் தேடி வந்த படமும் கிடைத்துவிடும், அவருக்கும் தெரிந்தே.

அடுத்த வாரம் மேக்ஸி சைஸில் (நாலுக்கு ஆறு அங்குலம்) ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். இதை நான் மன்றாடிக் கேட்கிறேன். வீட்டுக்கு வீடு செல்போனில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கின்றன. ஆனால் அம்மா போய்ச் சேர்ந்தால் மாலை போட ஒரு நல்ல படம் கிடைப்பதில்லை. ஆதார் அட்டையில் இருப்பதைப் பெரிதாக்கி, பின்னால் நீல வானத்தை ஒட்டி, ஃபிரேம் போட்டு மாட்டுகிறார்கள். ஸ்டூடியோக்காரரைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார். உழைத்து உழைத்தே போன ஒருவருடைய முகம், மங்கலான அந்த அட்டைப் படமாகத்தான் பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்ச வேண்டுமா? தெருவில் கேமராவோடு திரியும் உங்களைப் போன்றவர்கள் நினைத்தால் இதை மாற்றலாம்.

70-300 லென்ஸைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பூநாரை பார்க்கப் போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.